பால்மாட்டு நாம்பன் கண்டை வீட்டு இறைச்சிக்கு வளர்க்கலாமா? ஏறாவூர்த் தம்பிக்கு ஒரு பதில்

அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. நீங்க கேட்டது இதுதான். வீட்டுப் பசு பிரீசியன் கிராஸ், ஊசி போட்டுச் சினைப்பட்டது, நாம்பன் (ஆண்) கண்டு போட்டிருக்கு, பிறந்து ஒரு கிழமை ஆகல்ல அதுக்குள்ள ஒராள் வந்து விலை கேக்கிறார், குடுத்துடுறதா இல்ல ரெண்டு வருசம் வளர்த்து வீட்டுத் தேவைக்கு அறுக்கிறதா, பால்மாட்டுச் சாதியில இறைச்சி பிடிக்காது வெறும் எலும்புதான் எண்டு ஊருக்குள்ள சொல்றாங்களே அது உண்மையா எண்டு. கொஞ்சம் நீளமாத்தான் சொல்லப்போறன், ஏனெண்டா இந்த விசயத்துல முக்கியமான வேலையெல்லாம் இப்பதான் இருக்கு, ஒரு வருசம் கழிச்சுத் தெரிஞ்சு பிரயோசனமில்ல.

என்ட அபிப்பிராயம், குடுக்காதீங்க, வளருங்க. ஆனா ரெண்டு விசயம் உங்ககிட்ட இருக்கணும். புல்லும் வைக்கலும் கைக்கெட்டின தூரத்துல கிடைக்கணும். மூணு மாசத்துக்கு கண்டுட பாலை கண்டுக்கே விடுற மனசு இருக்கணும். இது ரெண்டும் இல்லாட்டி வளர்க்க வசதி இருக்கிற ஒராளுக்கு இப்பவே குடுக்கிறதுதான் அந்தச் சீவனுக்கும் நல்லம்.

முதல்ல இந்த எலும்புக் கதையைச் சொல்றன். அதுல பாதி உண்மை இருக்கு. பிரீசியன் பாலுக்கெண்டே எடுத்த சாதி, அது வளர்ற ஒழுங்கு வேற. முதல்ல உயரமும் எலும்பும் வயிறும் வரும், பிறகுதான் சதை, கொழுப்பு எல்லாத்துக்கும் கடைசி. நம்மட நாட்டு நாம்பன் முழுசா வளர்ந்தாலே 200 கிலோவைச் சுத்தித்தான் நிக்கும், அது சின்ன வயசுலயே உருண்டு திரண்டு இறைச்சி மாடு மாதிரித் தெரியும். பிரீசியன் கிராஸ் அந்த வயசுல இடுப்பெலும்பு ரெண்டும் துருத்திக்கிட்டு, கால் நீண்டு, முதுகு கூரையா நிக்கும். 12, 14 மாசத்துல அதைப் பாத்துட்டு இது தேறாது எண்டு வித்துடுறாங்க, அந்த வயசுல அறுத்தா உண்மையாவே எலும்புதான். இன்னும் ஒரு எட்டுப் பத்து மாசம் வச்சு, கடைசி மூணு நாலு மாசம் நல்லாத் தீனி போட்டா அதே மாடு வேற மாடு.

கணக்கு வேணுமெண்டா இப்படி வச்சுக்குங்க. உயிரோட 300 கிலோ இருக்கிற கிராஸ் நாம்பனை அறுத்து, தலை தோல் கால் குடல் எல்லாம் கழிச்சுத் தொங்கப்போட்டா 150 கிலோ, அதாவது பாதி. எலும்பைக் கழட்டினா தனி இறைச்சி 100 கிலோவை ஒட்டி வரும். ஈரல், இதயம், நாக்கு, பாபத் (இரைப்பை), வால் இதெல்லாம் அதுக்கு மேல. இறைச்சிக்கெண்டே வளர்க்கிற அங்கஸ் மாதிரிச் சாதியெண்டா பாதிக்கு மேல போய் 60 வீதத்துக்குக் கிட்ட வரும், பால்மாட்டுக்கு வயிறும் எலும்பும் பெரிசு எண்டதால அது வராது. ஆனா பால்மாட்டுச் சதைக்குள்ள மெல்லிய கொழுப்பு நூல் நூலா ஓடும், ரெண்டு வயசுல அறுத்தா கடையில வாங்கிற கிழட்டுப் பசு இறைச்சிக்கும் இதுக்கும் மென்மையில பெரிய வித்தியாசம். ஜேர்சி கலந்ததெண்டா ஆள் இன்னும் சிறிசு, கொழுப்பு நல்ல மஞ்சளா இருக்கும். அது நோயில்ல. புல்லுல இருக்கிற நிறம் ஜேர்சிக் கொழுப்புல கூடுதலாத் தங்குது அவ்வளவுதான், பாத்துப் பயந்து ஆரும் வீசிடாதீங்க.

இனி பால். நான் இவ்வளவும் எழுதுறதே இந்த ஒண்டைச் சொல்றதுக்குத்தான். பால்மாட்டு நாம்பன் எலும்பாப் போறதுக்கு சாதி மட்டும் காரணமில்ல, முதல் மூணு மாசம் அது பட்டினி கிடக்கிறதுதான் பெரிய காரணம். நாகு கண்டெண்டா நாளைக்குப் பசுவாகும் எண்டு கொஞ்சமாவது பால் விடுறாங்க. நாம்பனுக்கு, பால் வண்டி வந்து போன பிறகு மடியில மிஞ்சினதைச் சப்பட்டும் எண்டு அவிழ்த்து விடுறது. அந்தக் கண்டு வயிறு மட்டும் பானையா ஊதி, ரோமம் கரடா நிமிர்ந்து, பின்னங்கால் ரெண்டும் ஒட்டிப்போய் நிக்கும், நம்ம பக்கம் எத்தனை வளவுல அப்படி ஒண்டு கட்டிக்கிடக்கு பாருங்க. அந்த மூணு மாசத்துல இழந்த வளர்ச்சியை பிறகு என்ன புண்ணாக்குப் போட்டாலும் முழுசா எடுக்க ஏலா. பால்ல மிச்சம் புடிச்ச காசு ரெண்டு வருசத்தால இறைச்சியில கழியும்.

கண்டு பிறக்கேக்க 25, 30 கிலோ இருக்கும். கடும்புப் பால், அதாவது கண்டு போட்ட உடன வாற முதல் பால், முதல் ஆறு மணித்தியாலத்துக்குள்ள வயித்துக்குள்ள போயிருக்கணும், ஒரு நாள் கழிஞ்சா அதுல இருக்கிற நோயெதிர்ப்பை கண்டுட குடல் உறிஞ்சாது. உங்கட கண்டு குடிச்சிருக்கும் எண்டு நம்புறன், ஏனெண்டா கடும்பை முழுசா எடுத்துக் காய்ச்சித் தின்னுற பழக்கம் நம்ம ஊருகளில இருக்கு, கண்டு வயிறு நிறையக் குடிச்ச பிறகு மிஞ்சினாத்தான் அது நமக்கு. தொப்புள்கொடிக்கு அயடின் போடல்லையெண்டா இண்டைக்கே போடுங்க, வீங்கியிருக்கா, நாத்தம் இருக்கா, சூடா இருக்கா எண்டு கையால தொட்டுப் பாருங்க, அப்படியெண்டா மிருக வைத்தியரைக் கூப்புடுங்க.

பால் அளவு உடம்பு நிறையில பத்துல ஒரு பங்கு, அதாவது ஒரு நாளைக்கு 3 லீட்டர், காலையும் பின்னேரமுமா ரெண்டாப் பிரிச்சு. ரெண்டு மாசம் வரைக்கும் இப்படி, மூணாவது மாசத்துல மெல்ல மெல்லக் குறைச்சு நிப்பாட்டலாம். மொத்தமாப் பாத்தா 200 லீட்டர் சொச்சம் போகும். பால் சேகரிக்கிற இடத்துல உங்களுக்கு லீட்டருக்கு என்ன விலை தாறாங்களோ அதால பெருக்கிப் பாத்துட்டு, 100 கிலோ இறைச்சியிட கடை விலையை எடுத்துப் பக்கத்துல வைங்க, எனக்கு இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல. அளந்து ஊத்துறது கரைச்சலெண்டா லேசான வழி ஒண்டு இருக்கு, நாலு காம்புல ஒண்டைக் கறக்காம கண்டுக்கெண்டே விடுறது. பசு 8 லீட்டர் கறக்கிறதெண்டா அந்தக் காம்பும் மடியில மிஞ்சிற பாலும் சேர்ந்து கண்டுக்குக் கிட்டமுட்டக் காணும், பசுவும் கண்டு நிக்க நல்லா இறக்கிக் கறக்கும்.

ரெண்டாம் கிழமையில இருந்து கொஞ்சம் தீனும் நல்ல தண்ணியும் முன்னால வைங்க. கண்டுக்கு அசைபோடுற பெரிய வயிறு பிறக்கேக்க வேலை செய்யாது, தானியமும் புல்லும் உள்ள போய்ப் புளிச்சாத்தான் அது வளரும். கடையில கண்டுத் தீன் பேக் வாங்கலாம், வீட்டுல கலக்கிறதெண்டா உடைச்ச சோளம் 4 பங்கு, தேங்காய்ப் புண்ணாக்கு 3, தவிடு 2, சோயாப் புண்ணாக்கு 1, மேல கொஞ்சம் தாது உப்பு. ஒரு நாளைக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ தீனை அது தானா மிச்சமில்லாமத் தின்னுற நாளில பாலை நிப்பாட்டலாம். வயசை மட்டும் பாத்து நிப்பாட்டாதீங்க, தீன் தின்னுற அளவைப் பாத்து நிப்பாட்டுங்க.

பூச்சி மருந்து. கண்டு இன்னும் புல்லே தின்னல்ல அதுக்கு ஏன் பூச்சி மருந்து எண்டு கேப்பாங்க. பெரிய உருண்டைப் புழு தாயிட பாலாலயே கண்டுக்குப் போகுது, அதாலதான் பிறந்து ரெண்டு மூணு கிழமைக்குள்ள முதல் மருந்து குடுக்கணும் எண்டு சொல்றது. வெள்ளைக் களி மாதிரி நாத்தமாக் கழிஞ்சா சும்மா பால் கூடிப்போச்சு எண்டு விட்டுடாதீங்க. எந்த மருந்து எவ்வளவு எண்டதை கண்டுட நிறையைச் சொல்லி மிருக வைத்திய கந்தோர்ல கேட்டு எடுங்க, ஆரோ மாட்டுக்கு வாங்கி மிஞ்சின போத்தல்ல இருந்து ஊத்தாதீங்க.

மறுகா நலமடிக்கிறது, அதாவது விதையடிக்கிறது. இதைப் பத்தி நம்ம ஆக்களுக்குள்ள பல கதை. நலமடிக்காத நாம்பன் நலமடிச்சதை விட பத்து பதினைஞ்சு வீதம் வேகமா வளரும், இறைச்சியும் கொழுப்புக் குறைவா இருக்கும், அது உண்மை. அப்படியிருந்தும் வீட்டு வளவுல வளர்க்கிற பால்மாட்டு நாம்பனை கட்டாயம் நலமடிங்க எண்டுதான் நான் சொல்லுவன். காரணம் பாதுகாப்பு. பிரீசியனும் ஜேர்சியும் பாக்க சாதுவா இருக்கும், ஆனா அந்தச் சாதி நாம்பன் ஒண்டரை வயசு தாண்டினா உலகத்துலயே ஆளைக் கொல்ற மாடுகளில முன்னுக்கு நிக்கிறது. கையால பால் குடுத்து வளர்த்தது இன்னும் மோசம், அதுக்கு மனிசனிட்டப் பயமே இருக்காது, மனிசனைத் தன்ட கூட்டத்து மாடெண்டு நினைச்சு மோதிப் பாக்கும். சின்னதுல புள்ளைகள் அதிட நெத்தியைத் தள்ளி விளையாடுறது வடிவாத்தான் இருக்கும், அதை முதல் நாளே நிப்பாட்டுங்க, தாடைக்குக் கீழ சொறிஞ்சு விடச் சொல்லுங்க, நெத்தியில கை வைக்க விடாதீங்க. 250 கிலோவுல அதே விளையாட்டை அது விளையாடினா விலா எலும்பு தாங்காது. நலமடிச்சதெண்டா ஆறுதலா நிக்கும், கொழுப்பும் பிடிக்கும், தோட்டத்து வேலியையும் உடைக்காது. ரெண்டு மூணு மாசத்துல பர்டிசோ இடுக்கியால மிருக வைத்தியரைக் கொண்டு செய்யிறதுதான் நல்லம், இரத்தம் இல்ல, புண் இல்ல, ஈ மொய்க்கிற பயமும் இல்ல. பெரிசான பிறகு செய்யிறது அதுக்கு வேதனை கூட.

குர்பானுக்கு ஆகுமா எண்டு கட்டாயம் அடுத்த கேள்வி வரும். நலமடிச்ச மாடு தாராளமா ஆகும், நலமடிச்ச ஆட்டுக்கடாவை ரசூலுல்லா குர்பான் குடுத்த ஹதீஸ் இருக்கு. மாட்டுக்கு ரெண்டு வயசு முடிஞ்சு மூணுல கால் வைச்சிருக்கணும், அந்தக் கணக்கு நம்மட வளர்ப்புக் கணக்கோட சரியாப் பொருந்துது, அதால கண்டு பிறந்த திகதியை இப்பவே ஒரு கொப்பியில எழுதி வைங்க. நொண்டி, குருடு, நோய், மச்சையில்லாத மெலிவு இந்த நாலும் கூடாது. இந்த நாலாவதுக்காகவாவது அந்த முதல் மூணு மாசப் பாலை யோசிங்க.

தீன் விசயத்துல நம்ம மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களுக்கு அல்லாஹ் தந்த வசதி பெரிசு, அதை நாம பத்த வைக்கிறம் எண்டதுதான் எனக்கு மனவருத்தம். மாசி பங்குனியில பெரும்போகம் வெட்டினா சம்மாந்துறைக் கண்டம், அக்கரைப்பத்துக் கண்டம், படுவான்கரை எல்லாம் வெட்டுமெஷின் போன வழியில வைக்கல் வரிசை வரிசையாக் கிடக்கும், ஒரு கிழமையில நெருப்பு. அந்த வெட்டு முடிஞ்ச கையோடதான் நமக்குக் கோடை தொடங்குது, வைகாசியில இருந்து புரட்டாதி வரைக்கும் புல்லு இல்ல. இந்த நாலஞ்சு மாசத்துக்கு ஒரு நாம்பனுக்கு 500, 600 கிலோ வைக்கல் காணும், மழை படாம ஒரு கொட்டில் மூலையில அடுக்கினா முடிஞ்சுது.

வைக்கல் தனியாப் போட்டா மாடு சாகாது, வளரவும் வளராது. அதுல புரதம் 4 வீதம்தான். யூரியா போட்டுப் பதப்படுத்தினா கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகும், மெதுவாகி கூடவும் தின்னும். 100 கிலோ வைக்கலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீட்டர் தண்ணியில நல்லாக் கரைச்சு, வைக்கலை அடுக்கடுக்காப் பரப்பி பூவாளியால தெளிச்சு, மிதிச்சு இறுக்கி, பொலித்தீனால காத்துப் புகாம மூடி ரெண்டு கிழமை வைங்க. திறக்கேக்க மூக்கில அடிக்கிற அமோனியா வாசமும் மண்ணிறம் கலந்த மஞ்சளும் இருந்தாச் சரி, கறுத்துப் பூஞ்சணம் புடிச்ச பகுதியை எடுத்து வீசுங்க. அண்டண்டைக்குத் தேவையானதை எடுத்து கொஞ்ச நேரம் காத்தாடப் பரப்பிட்டுப் போடணும். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கண்டுக்கு இது கூடாது. யூரியா கரைச்ச வாளியை மாடு குடிக்கிற தூரத்துல வைக்கவே கூடாது, அந்தத் தண்ணியைக் குடிச்சா கொஞ்ச நேரத்துல மாடு விழுந்து போகும்.

பச்சைக்கு கோ-3 நேப்பியர் புல் நடுங்க. 20 பேர்ச்சஸ் (ஏக்கர்ல எட்டுல ஒரு பங்கு) இருந்து, தண்ணியும் சாணமும் போட்டா ஒரு நாம்பனுக்குப் பெரும்பங்கு பச்சை கிடைக்கும். 40, 45 நாளுக்கொருக்கா வெட்டணும், ஆள் உயரத்துக்கு விட்டா கம்புதான். 200 கிலோ மாடு ஒரு நாளைக்கு 25 கிலோ பச்சைப் புல் தின்னும். வேலிக்கு கிளிசிரியா நடுங்க, இலையில புரதம் 20 வீதத்துக்கு மேல, வெட்டின உடனே போட்டா மணத்துக்கு மாடு மூஞ்சையைத் திருப்பும், ஒரு நாள் வாட விட்டுப் போட்டா தின்னும். தீனில மூணுல ஒரு பங்குக்கு மேல வேணாம். காத்தான்குடி, ஏறாவூர் மாதிரி வீட்டோட வீடு ஒட்டின இடத்துல புல்லுக்குக் காணி இல்லையெண்டா படுவான்கரைப் பக்கம் காணி இருக்கிற சொந்தக்காரர் ஒராளோட பங்குக்கு வளர்க்கிறதுதான் புத்தி, சுவரோட கட்டி வச்சு முழுத் தீனையும் கடையில வாங்கினா கணக்கு ஒரு நாளும் சரிவராது. றோட்டுல அவிழ்த்து விடுறது அதை விட மோசம். அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பை மேட்டுல யானைகள் பொலித்தீன் தின்னு செத்தது எல்லாருக்கும் தெரியும், சந்தைக் குப்பையில நிக்கிற மாட்டுட வயித்துக்குள்ளயும் அதே சொப்பிங் பேக்தான் கிடக்கு.

ஆறு மாசத்துக்குப் பிறகு புல்லு வைக்கலோட ஒரு நாளைக்கு ஒரு கிலோ, ஒண்டேகால் கிலோ தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் கலந்தது போதும், ஒரு நாளைக்கு 400, 500 கிராம் ஏறும். 24 மாசத்துல 300 கிலோவைத் தாண்டும், நல்லாப் பாத்தா 350 கூட. வேகம் வேணும் எண்டு நடுவுல காசைக் கொட்டாதீங்க, அந்த வயசுல அது எலும்பு வளர்க்கிற காலம், மலிவான தீனிலயே அதைச் செய்யும். பூஞ்சணம் புடிச்ச புண்ணாக்கை மாட்டுக்குத்தானே எண்டு போடாதீங்க, அது ஈரலைத் தின்னும். தண்ணி 30, 40 லீட்டர் எப்பவும் முன்னால இருக்கட்டும். பிரீசியன் இரத்தம் கூடினதுக்கு நம்ம வெயில் சரியான எதிரி, பகல்ல மரநிழல்ல கட்டி, பெரும் தீனை பின்னேரமும் இரவுலயும் போட்டா கூடத் தின்னும்.

கடைசி மூணு நாலு மாசம்தான் தேத்துற காலம். உடம்பு நிறையில நூத்துக்கு ஒண்டு, அதாவது 280 கிலோவுக்கு கிட்டத்தட்ட 3 கிலோ கலவைத் தீன், அதுல சோளம், குறுணல், தவிடு கூட இருக்கட்டும், புல்லும் வைக்கலும் வழமை போல. இதை ஒரே நாளில கூட்டாதீங்க, ரெண்டு கிழமையில படிப்படியா ஏத்துங்க. களத்துல நெல்லுக் குவியலுக்குள்ள விழுந்து தின்ன மாடு வயிறூதிப் படுத்து எழும்பாமப் போறதை எல்லாரும் கண்டிருப்பீங்க, தானியம் திடீரெண்டு கூடினா வயித்துக்குள்ள நடக்கிறதும் அதுதான். தேறினதை எப்படிப் பாக்கிறதெண்டா, வால் அடியில ரெண்டு பக்கமும் விரலால அமத்துங்க, மெத்துமெத்தெண்டு கொழுப்பு தட்டுப்பட்டாச் சரி, கடைசி விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியக்கூடாது, கைக்கு மட்டும் தெரியணும். பிரீசியன்ல இடுப்பெலும்பு எவ்வளவு தேறினாலும் கொஞ்சம் தெரியும், அது போகும் எண்டு காத்திருந்து தீனை வீணாக்காதீங்க.

தராசு தேவையில்ல, தையல்காரரிட நாடா காணும். முன்னங்காலுக்குப் பின்னால நெஞ்சைச் சுத்தி அளங்க, தோள்முனையில இருந்து பின்பக்க இருப்பெலும்பு வரைக்கும் நீளம் அளங்க, ரெண்டும் சென்றிமீற்றர்ல. நெஞ்சளவை நெஞ்சளவால பெருக்கி, நீளத்தால பெருக்கி, 10840ஆல பிரிச்சா கிலோ. நெஞ்சு 150, நீளம் 130 எண்டா 270 கிலோ. மாசத்துக்கு ஒருக்கா அளந்து அந்தக் கொப்பியிலயே எழுதினா தீன் வேலை செய்யுதா இல்லையா எண்டு தெரியும்.

நோய்களில நம்ம பக்கத்துக்கு உரியதை மட்டும் சொல்றன். கிராஸ் மாட்டுக்கு உண்ணிக் காய்ச்சல் நாட்டு மாட்டை விட லேசா வரும், மூத்திரம் தேயிலைச் சாயம் மாதிரிச் சிவந்தா அண்டைக்கே வைத்தியர், நாளைக்கு எண்டு வைக்காதீங்க. கால்-வாய் நோய், தொண்டை அடைப்பான், கருங்காலி நோய் இதுகளுக்குரிய தடுப்பூசியை மாரி தொடங்க முதல், புரட்டாதி ஐப்பசியில, கந்தோர்ல கேட்டுப் போடுங்க. தோல்ல கட்டி கட்டியா வாற நோய் 2020ல நம்ம நாட்டுக்குள்ள வந்தது, அதுக்கும் ஊசி இருக்கு. மாரியில பெரிய எதிரி ஈரமும் காத்தும். 2022 மார்கழியில மாண்டஸ் புயல் நேரம் வடக்கு கிழக்குல எத்தனை மாடு குளிருல விறைச்சுச் செத்தது, திறந்த வெளியில நனைஞ்சு நிண்ட மாடுகள்தான் கூடுதலாப் போனது. உயர்ந்த மண் திட்டு, மேல ஒரு தகரம், வடகிழக்குப் பக்கம் மறைப்பா நாலு கிடுகு, இவ்வளவு இருந்தா உங்கட நாம்பன் தப்பும்.

அறுக்கிறதைப் பத்தி. வீட்டு மாடுதானே எண்டு நினைச்ச நேரம் அறுக்க ஏலா. மாடறுக்கிறதுக்கு 1893ம் ஆண்டுக் கட்டளைச்சட்டமும் 1958ம் ஆண்டு 29ம் இலக்க விலங்குகள் சட்டமும் இருக்கு, உள்ளூராட்சிச் சபை அனுமதி, மிருக வைத்தியர் பரிசோதனை, மாடு உங்கடதுதான் எண்டதுக்குரிய வவுச்சர் எல்லாம் சரியா இருக்கணும், போயா நாளில அறுக்க ஏலா. ஒரு பிரதேசத்துல இருந்து இன்னொண்டுக்கு ஏத்துறதுக்கும் தனி அனுமதி. அதால கண்டுக்கு இப்பவே காதுத்தோடு (காதுல மாட்டுற இலக்கம்) போட்டுப் பதிஞ்சு வைங்க, களவு மாட்டுப் பிரச்சினை கூடின இந்தக் காலத்துல பதிவில்லாத மாட்டைக் கொண்டு போறது உங்களுக்குத்தான் ஆபத்து. அறுக்கிறதுக்கு ஒரு மாசத்துக்கு முதலே பிரதேச சபையிலயும் பீஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கிட்டயும் கேளுங்க. வீட்டுத் தேவைக்கு அறுத்ததை லைசன் இல்லாம விக்கவும் ஏலா.

மருந்து குடுத்த மாட்டை உடனே அறுக்கக்கூடாது. பூச்சிக்குப் போடுற ஐவர்மெக்டின் ஊசி போட்டா பொதுவா 35 நாள், நீண்ட நாள் வேலை செய்யிற ஒக்சிரெற்றாசைக்ளின் எண்ட கிருமி கொல்லி ஊசியெண்டா 28 நாள், மற்றதுகளுக்கு லேபல்லயே எழுதியிருக்கும். கடைசி ரெண்டு மாசத்துல என்ன ஊசி போட்டாலும் திகதியோட எழுதி வைங்க, உங்கட புள்ளைகள்தான் அந்த இறைச்சியைத் தின்னப்போறது.

முதல் நாள் பின்னேரத்தோட தீனை நிப்பாட்டி, தண்ணி மட்டும் வைங்க, பழகின இடத்துல ஆறுதலா நிக்கட்டும். ஓட விட்டு, இழுத்து, பயந்து வேர்த்த மாட்டிட இறைச்சி கறுத்துக் காய்ஞ்ச மாதிரி வரும், கெதியாப் பழுதாகும், ஏனெண்டா சதையில இருந்த சீனிச் சத்தை அது பயத்துலயே எரிச்சு முடிச்சிடும். கத்தியை மாட்டுக்கு முன்னால தீட்டாதீங்க, மற்ற மாட்டுக்கு முன்னால அறுக்காதீங்க எண்டு மார்க்கம் சொல்றது அந்தச் சீவன்மேல காட்டுற இரக்கம், இறைச்சியிட தரமும் அதுலதான் தங்கியிருக்கு. சுபஹுக்குப் பிறகு வெயில் ஏற முதல் வேலையைத் தொடங்குங்க. குர்பானெண்டா அறுக்கிறவருக்குக் கூலியைக் காசாக் குடுங்க, தோலையோ இறைச்சியையோ கூலியாக் குடுக்க ஏலா.

வெட்டின சூட்டோட டீப் பிரீசர்ல அடைக்கிறது நம்ம வீடுகளில வழமை, மென்மையான இறைச்சி செருப்பு மாதிரி ஆகிறது அதாலதான். அறுத்த சதை முதல்ல விறைக்கணும், பிறகு தளரணும், விறைக்க முதல் உறைய வச்சா உருகேக்க ஒரேயடியாச் சுருங்கி இறுகிப் போகும். எலும்போட பெரிய துண்டங்களா நிழல்ல காத்தோட்டத்துல ஈ படாம ரெண்டு மூணு மணித்தியாலம் தொங்கட்டும், வெயில் ஏறுற நேரம் பிரிட்ஜ்ல, பிரீசர்ல இல்ல கீழ்த் தட்டுல, ஒரு நாள் வைங்க, அடுத்த நாள் துண்டு போட்டு பேக் பண்ணி பிரீசருக்கு மாத்துங்க. ஆனா 100 கிலோவும் எலும்பும் எந்த வீட்டுப் பிரிட்ஜும் தாங்காது, அதால அறுக்க முதலே பங்கைப் பேசி வைங்க, குர்பானுக்கு ஒரு மாட்டுல ஏழு பேர் சேரலாம், சும்மா வீட்டுத் தேவைக்கெண்டாலும் தீன் செலவை முதல்ல இருந்தே நாலஞ்சு குடும்பமாப் பகிர்ந்தா ஒருத்தர்லயும் பாரம் விழாது. ஈரலும் பாபத்தும் அண்டைக்கே ஆணமாகட்டும், நெஞ்செலும்பும் கழுத்தும் சூப்புக்கும் புக்கைக்கும் போகட்டும், தொடையில கொஞ்சத்தைக் கீறி உப்பும் மஞ்சளும் போட்டு வெயிலில காய வச்சா மாரிக்கும் இருக்கும்.

விலை கேட்டு வந்தவருக்கு இல்லையெண்டு சொல்லிடுங்க தம்பி. இண்டைக்குப் பின்னேரம் பால் கறக்கேக்க பின்பக்க வலக்காம்பை விட்டுட்டுக் கறங்க, தொப்புளை ஒருக்காத் தொட்டுப் பாருங்க, அடுத்த கிழமை கந்தோருக்குப் போய் பூச்சி மருந்தையும் நலமடிக்கிற திகதியையும் கேட்டு வாங்க. புல்லு நடுறதுக்கு கோ-3 தண்டு வேணுமெண்டா சொல்லுங்க, நான் தாறன்.